டொமைன் மாற்றப் போய் 60 நாள் பூட்டில் மாட்டிய அனுபவம்

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் நிறுவனம். ஒரு வாடிக்கையாளரின் டாட் காம் டொமைனைப் பழைய பதிவாளரிடமிருந்து (டொமைனைப் பதிந்து கொடுக்கும் நிறுவனம்) வேறு பதிவாளருக்கு இப்போதுதான் ஒருவழியாக மாற்றி முடித்திருக்கிறோம். மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோட் எங்கே எடுப்பது, எங்கே போடுவது என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன். நடுவில் எங்கெங்கே இழுபட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பாதி அலைச்சல் தேவையே இல்லாதது.

முதல் சிக்கல், டொமைன் நிறுவனத்தின் பெயரிலேயே இல்லை. பல வருடம் முன்பு வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் கணக்கில் பதிந்து வைத்திருந்தார். இது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான், பெரும்பாலும் கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் 2018-இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆர் வந்த பிறகு, டொமைன் உரிமையாளர் விவரம் காட்டும் ஹூஇஸில் தேடினால் பெரும்பாலும் பெயரும் மெயிலும் மறைந்துதான் வருகின்றன, அதனால் யார் பெயரில் இருக்கிறது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, கணக்கைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. நல்லவேளை அந்த மனிதர் போனை எடுத்தார், கேட்டதைச் செய்து கொடுத்தார்.

கோபம் வந்தது அடுத்ததில்தான். எங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே வாடிக்கையாளர் பழைய பதிவாளரின் சப்போர்ட் சாட்டில் விசாரித்திருக்கிறார். அங்கே இருந்தவர், “முதலில் உரிமையாளர் பெயரை உங்கள் நிறுவனத்துக்கு மாற்றிவிடுங்கள் சார், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் டிரான்ஸ்ஃபர் செய்துகொள்ளலாம்” என்று சொல்ல, இவரும் நம்பி மாற்றிவிட்டார். மாறிய கையோடு 60 நாள் பூட்டு விழுந்துவிட்டது. டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பு 2016 டிசம்பரில் கொண்டுவந்த விதி அது. உரிமையாளரின் பெயர், நிறுவனம், மெயில் இவற்றில் ஒன்று மாறினாலும் 60 நாளைக்கு வேறு பதிவாளரிடம் கொண்டுபோக முடியாது. பூட்டு வேண்டாம் என்று சொல்லும் வசதியைப் பதிவாளர் கொடுக்கலாம், ஆனால் பெயரை மாற்றுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்க வேண்டும். மாற்றியபின் கேட்டுப் பலனில்லை. தினமும் இதே வேலையைச் செய்கிற ஒருவர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கக் கூடாதா? திரும்பக் கேட்டபோது வேறொருவர் வந்து, விதிமுறைப் பக்கத்தின் லிங்க்கை ஒட்டிவிட்டு டிக்கெட்டை மூடினார். மறுபடி திறந்தோம், மறுபடி மூடினார்கள்.

எனவே பழைய உரிமையாளர் ஒத்துழைக்கிறார் என்றால், அவர் பெயரில் இருக்கும்போதே டிரான்ஸ்ஃபரை முடித்துவிடுங்கள், பெயரைப் புது இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அங்கே பூட்டு விழுந்தாலும் கவலையில்லை, வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்தாயிற்று.

இன்னொன்று, இந்தப் பூட்டு டிரான்ஸ்ஃபரை மட்டும்தான் தடுக்கும். வெப்சைட்டும் மெயிலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் நேம்சர்வரை மாற்ற எந்தத் தடையும் இல்லை. இது புரிந்ததும் வாடிக்கையாளருக்கும் எங்களுக்கும் மூச்சு வந்தது. அவருக்கு அவசரமாக வேண்டியது புது மெயில் சேவை, அதற்கு அந்த இருப்பிட விவரங்கள் அடங்கிய டிஎன்எஸ் நம் கைக்கு வந்தால் போதும். நடுவில் ரினியூவல் தேதி வந்தபோது, இங்கே கட்டினால் பணம் வீணாகுமா என்று பயந்தார். தேதிக்கு முன்பே கட்டினால் வீணாகாது. டாட் காமில் டிரான்ஸ்ஃபர் ஆகும்போது இருக்கிற காலத்தோடு இன்னொரு வருடம் சேரும். காலாவதியான பிறகு ரினியூ செய்து, காலாவதியான தேதியிலிருந்து 45 நாளுக்குள் மாற்றினால்தான் கட்டிய வருடம் போய்விடும்.

டிஎன்எஸ் ரெக்கார்டுகளைப் பெயர்ப்பது பொறுமையைச் சோதித்த வேலை. பழைய பேனலில் எக்ஸ்போர்ட் பட்டனே இல்லை, ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டியிருந்தது. மெயில் இந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று கையெழுத்தால் உறுதிசெய்யும் டிகேஐஎம் சாவி 2048 பிட், அது ஒரு டிஎக்ஸ்டி (எழுத்து வடிவ ரெக்கார்டு) வரிக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும், இரண்டு துண்டாகத்தான் இருக்கும். அந்தப் பேனலோ முதல் துண்டை மட்டும் காட்டி, கடைசியில் மூன்று புள்ளி வைத்திருந்தது. அதை அப்படியே காப்பி செய்திருந்தால் சாவி அரைகுறையாகி, பில் அனுப்பும் சாஃப்ட்வேரின் மெயில்களில் டிகேஐஎம் சோதனை தோற்றிருக்கும். பேனலை நம்பாமல், டிஎன்எஸ்ஸை நேரடியாகக் கேட்கும் டிக் கமாண்டில் கேட்டு, வந்த பதிலை எடுத்துப் போட்டோம். எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டும் அங்கே இரண்டு இருந்தது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். பழைய மெயில்கள் ஏன் சில இடங்களில் ஸ்பாமில் விழுந்தன என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அப்புறம் டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதில்களுக்குக் கையெழுத்திட்டுப் பாதுகாக்கும் முறை. பேனலில் அது ‘ஆஃப்’ என்று பளிச்சென்று எழுதியிருந்தது. நேம்சர்வரை மாற்றிய சில மணி நேரத்தில் ஒரு விசித்திரம், அலுவலகத்தில் வெப்சைட் திறக்கிறது, சிலருடைய மொபைலில் திறக்கவில்லை. டிக்கில் கூகுளின் ரிசால்வரான (டொமைன் முகவரியைத் தேடித்தரும் சர்வர்) 8.8.8.8-ஐக் கேட்டால் சர்வ்ஃபெயில், அதாவது பதில் தர முடியவில்லை என்ற பிழை. பேனல் என்ன சொன்னாலும், மேலே டாட் காம் பதிவேட்டில் கையெழுத்தின் சாவியைக் குறிக்கும் பழைய டிஎஸ் ரெக்கார்டு அப்படியே கிடந்திருக்கிறது. கையெழுத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் அதை வைத்துக்கொண்டு புது நேம்சர்வரை ஏற்கவில்லை, சரிபார்க்காத ரிசால்வர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. பழைய பதிவாளரை விரட்டி டிஎஸ்ஸை எடுக்க வைத்தோம். எடுத்தபிறகும் அதன் டிடிஎல், அதாவது ரிசால்வர்கள் பழையதை நினைவில் வைத்திருக்கும் நேரம், ஒரு நாள். கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் ரிசால்வரின் கேஷைக் காலி செய்யத் தனிப் பக்கம் வைத்திருக்கிறார்கள், அதில் டொமைன் பெயரைப் போட்டோம், சட்டென்று சரியானது. மற்றவர்களுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். நேம்சர்வரைத் தொடுவதற்கு முன்பு பேனலில் பார்க்காமல் டிக்கில் டிஎஸ் கேளுங்கள். பதில் வந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு, ஒரு நாளைத் தாண்டவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

60 நாள் முடிந்ததும் டிரான்ஸ்ஃபர் சத்தமில்லாமல் நடந்தது. ஆத் கோட் கேட்டால் பதிவாளர் 5 நாளுக்குள் கொடுத்தே ஆக வேண்டும், இவர்கள் கடைசி நாள் வரை இழுத்துத்தான் கொடுத்தார்கள்.

புதுக் கணக்கில் முதல் வேலையாகத் தொடர்பு மெயிலை மாற்றினோம். அதே டொமைனின் மெயிலை அங்கே கொடுத்திருந்தார்கள். டொமைன் படுத்துவிட்டால் ஓடிபி போகிற மெயிலும் சேர்ந்து படுத்துவிடும், கணக்குக்குள் நுழையவே வழி இருக்காது. இப்போது வேறொரு சேவையில் இருக்கும் மெயில் முகவரி, இரண்டு பேரின் கையில் பாஸ்வேர்டு, ஆட்டோ ரினியூ ஆன். எங்களிடம் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களின் டொமைன்களையும் யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கின்றன என்று இந்த வாரம் முழுக்கச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.