கால்தடம் இருக்கும் இடத்தில் போர்டு

சாலைப் பணிக்கு வந்த முதல் இரண்டு வருடம், பாதசாரிகள் கடக்கும் இடத்தைக் காட்டும் அந்த முக்கோணப் போர்டு எனக்கு ஒரு சைட் சாமான், அவ்வளவுதான். கோன் இத்தனை, பாரிகேட் இத்தனை, போர்டு இத்தனை என்று எழுதி, வரைபடத்தில் குறித்த இடத்தில் நட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். காவிரி டெல்டாவில் இருவழிச் சாலையை நான்குவழியாக்கும் பணிக்குப் போன பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

சாலையின் இரண்டு பக்கமும் ஒரே ஊர்தான். கிழக்கே வீடுகள். மேற்கே ரேஷன் கடை, ஆரம்பப் பள்ளி, பஸ் நிற்கும் புளியமரத்தடி. எங்கள் வரைபடத்தில் கடக்கும் இடம் கல்வெர்ட்டை, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தை, ஒட்டி இருந்தது. அங்கே போர்டு நட்டோம், தரையில் வெள்ளைக் கோடும் போட்டோம். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. எழுபது எண்பது மீட்டர் தள்ளி, புளியமரத்துக்கு நேராகவே கடந்தார்கள். "சொன்னா கேக்க மாட்டாங்க சார்" என்றார் எங்கள் சூப்பர்வைசர். நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம், அரிசிப் பையோடு கடந்த ஓர் அம்மா மேல் பைக் மோதியது. கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, போர்டு வைத்த இடத்தில் கடந்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அங்க பள்ளமால்ல கெடக்கு தம்பி, பையோட எப்புடி எறங்குறது?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. மேற்குப் பக்கம் வடிகாலுக்காக நாங்களே தோண்டிய பள்ளம் அது. போர்டு நட்ட நாளில் அது இல்லை. நான்கு நாள் கழித்துத் தோண்டினோம். கடந்து போகச் சொல்லிப் போர்டு வைத்துவிட்டு, போய்ச் சேரும் இடத்தை வெட்டி எடுத்திருக்கிறோம். தோண்டச் சொன்னவனும் நான்தான்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கே போய்ப் புளியமரத்தடியில் நின்றேன். பள்ளி தொடங்கும் நேரம் வரை அசையவில்லை. பால் கேனோடு போனவர்கள், வயலுக்கு நடவுக்குப் போன பெண்கள், டியூஷன் பிள்ளைகள், கடைசியில் பள்ளிச் சீருடைக் கூட்டம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே தடத்தில் நடந்தார்கள். கொட்டி வைத்த மண்மேட்டின் மேலேகூட, மிதிபட்டு மிதிபட்டு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. ஊர் அதன் வரைபடத்தைத் தரையிலேயே போட்டு வைத்திருந்தது. நான்தான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். சைட்டை மறைக்க நாங்கள் நிறுத்திய தகரத் தடுப்பு ஆள் உயரம். அதன் ஓரத்திலிருந்து ஒரு ஏழு வயதுப் பிள்ளை வெளியே வந்தால், ஓட்டுநர் கண்ணில் படும்போது அந்தப் பிள்ளை ஏற்கெனவே சாலையில் நிற்கும். ஓட்டுநர் என்ன செய்வார்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடும். கண்டு, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை விநாடி என்று சாலை வடிவமைப்பில் கணக்கு வைப்போம். அதற்குள்ளேயே நாற்பது மீட்டர் போய்விடும். வண்டி முழுதாக நிற்க 80 மீட்டர் பார்வைத் தூரம் தேவை என்கிறது சாலை வடிவமைப்புக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) அட்டவணை. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 120 மீட்டர். ஏழு மீட்டர் அகலச் சாலையைச் சாதாரணமாக நடந்து கடக்க ஆறு விநாடி போதும். தலையில் சுமையோடு வரும் வயதானவருக்கு ஒன்பது, பத்து ஆகும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அந்தத் தடுப்பின் ஓரத்தில் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பார்க்கும் வரை அதை அந்த இடத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை.

சரி, மாற்றினோம். கடக்கும் இடத்தைப் புளியமரத்துக்கு நேராகக் கொண்டுவந்தோம். அந்த நீளத்துக்கு வடிகால் பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டு, கைப்பிடி கட்டி, இரண்டு பக்கமும் மண் நிரப்பிச் சரிவு அமைத்தோம். தகரத் தடுப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ஆள் தெரிகிற மாதிரிக் குழாய்த் தடுப்பு வைத்தோம். டிப்பர்கள் அங்கே ஓரங்கட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். ஜல்லி இறக்க வரிசையில் நிற்கும் ஒரு டிப்பர் போதும், அதன் பின்னாலிருந்து வருகிறவரை மொத்தமாக மறைத்துவிடும். போர்டுகளை இரண்டு திசையிலும் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரத்துக்கும் முன்னால் தள்ளி வைத்தோம். பள்ளி நேரத்தில் கொடியோடும் விசிலோடும் ஒருவரை நிறுத்தினோம். அந்த வேலைக்கு வந்தவர் அதே ஊர்க்காரப் பெண். எந்தப் பிள்ளை ஓடும், எந்தத் தாத்தாவுக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் சேஃப்டி பயிற்சியில் அதையெல்லாம் யாரும் சொல்லித் தர முடியாது.

போர்டைத் துடைக்க வேண்டும் என்பதும் அங்கே கற்றதுதான். வண்டி விளக்கு பட்டால் மின்னும் ஒட்டுத்தாளின் மேல் டிப்பர் புழுதி ஒரு வாரம் படிந்தால் போதும், இரவில் அது வெறும் தகரம். மார்கழிப் பனியில் ஈரமும் சேர்ந்து சேறாக அப்பிக்கொள்ளும். தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு வாளி தண்ணீர், ஒரு துணி. இதற்கு பில்லில் தனிக் கணக்கு கிடையாது. அதனாலேயே பல சைட்டுகளில் யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

அந்தத் தடத்தில் ஓடும் ஒரு பஸ் டிரைவர் அண்ணன் எங்கள் டீக்கடையில்தான் டீ குடிப்பார். ஒரு நாள், போர்டைப் பார்த்தும் ஏன் வேகம் குறைப்பதில்லை என்று அவரிடம் கேட்டேன். "போர்டு பாத்து ஸ்லோ பண்ணுவேன், ஆளே இருக்காது சார். நாலு தடவை அப்படி ஆச்சுன்னா அஞ்சாவது தடவை கால் பிரேக்குக்குப் போகாது" என்றார். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு சைட் நெடுகப் போய்ப் பார்த்தேன். வேலை முடிந்து நாங்கள் நகர்ந்துவிட்ட மூன்று இடங்களில் பழைய போர்டுகள் அப்படியே நின்றன. யாரும் கடக்காத இடங்கள். புளியமரத்தடிப் போர்டை ஓட்டுநர்கள் நம்பாமல் போனதற்கு அவையும் காரணம். அன்று மாலையே பிடுங்கச் சொன்னேன். அதன்பின் வேலை இடம் மாறினால் போர்டும் அன்றைக்கே மாறும், இல்லையென்றால் சாக்குப் போட்டு மூடப்படும்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்ந்தது. சாலைப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் விபத்தில் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ ஒப்பந்ததாரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதன் பிறகு மீட்டிங்குகளில் போர்டு பற்றிய பேச்சு கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் போர்டு நிற்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். எதிர்ப்பக்கம் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. இப்போது நான் எந்த சைட்டுக்குப் போனாலும் போர்டு நடும் முன் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு நானே ஒரு தடவை கடந்து பார்க்கிறேன். கூட வேலை செய்யும் தம்பிகளையும் கடக்கச் சொல்கிறேன்.

அந்த ஊரில் வேலை முடிந்து நாங்கள் போர்டுகளைக் கழற்றிய நாளில் கால் முறிந்த அம்மா வந்திருந்தார், கொஞ்சம் சாய்ந்து நடந்துகொண்டு. சாலையின் நடுவில் மீடியன், அதாவது இரண்டு பக்கப் போக்குவரத்தையும் பிரிக்கும் திட்டு, எழும்பியிருந்தது. கடக்க விட்டிருந்த வழி அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால். "இனிமே எங்குட்டுத் தம்பி போறது?" என்று கேட்டார். புளியமரத்துக்கு நேராக ஒரு நடைவழி விடச் சொல்லி, மரத்தடியில் நின்ற அந்தக் காலையில் கடந்தவர்களை எண்ணி எடுத்த தலைக்கணக்கையும் சேர்த்து, எழுதி அனுப்பியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். எனக்கு அடுத்த சைட்டுக்கு மாற்றல் வந்த நாள் வரை பதில் வரவில்லை. கடைசியாகப் போனபோது மீடியனில் புதிதாகப் போட்டிருந்த மண்ணில், மரத்துக்கு நேராக, காலடிகள் பதிந்திருந்தன.