தாத்தாவின் இறப்புப் பதிவைத் தேடி எடுத்த அனுபவம்

எங்கள் தாத்தா இறந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஆனந்த வருடம், மார்கழி மாதம். குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். ஆங்கிலத் தேதி ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் நன்செய் நிலத்தின் பட்டா இன்றுவரை அவர் பெயரிலேயே இருந்தது. பட்டா மாற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். அப்பாவால் அலைய முடியாத வயது என்பதால் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பலரும் சொன்னது, இணையத்தில் பார் என்பது. தமிழ்நாட்டின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளம் 2018 முதலான பதிவுகளுக்குத்தான் உதவும். 1970களில் ஒரு கிராமத்தில் நடந்த சாவை அதில் தேடிப் பயனில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் எழுதி வைத்தவர் பட்டாமணியார். பட்டாமணியார் போன்ற பரம்பரைக் கிராம அதிகாரிகள் 1980இல் நீக்கப்பட்ட பிறகு அந்தப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தது. பழைய பதிவேடுகள் அவர் கையில் இருப்பதில்லை, அவை சார் பதிவாளர் அலுவலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பத்திரம் பதியும் அதே அலுவலகம்தான். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலர். "இங்கே தேடாதீர்கள் அம்மா, சார் பதிவாளரிடம் மனுக் கொடுங்கள். ஆனால் வருடமும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் சரியாக இருக்க வேண்டும்" என்றார்.

வருவாய்க் கிராமம் என்று அவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் ஒரு குக்கிராமமாக இருக்கும். அரசுக் கணக்கில் அது வேறொரு பெரிய கிராமத்துக்குள் அடங்கியிருக்கும். எங்கள் ஊரும் அப்படித்தான். நிலத்தின் சிட்டாவை எடுத்துப் பார்த்தால் வருவாய்க் கிராமத்தின் பெயர் அதில் இருக்கும். பதிவேடு அந்தப் பெயரில்தான் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மாவட்டத்தின் பெயரும் குழப்பக்கூடும். தாத்தா இறந்தபோது மன்னார்குடி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போதைய திருவாரூர் மாவட்டம் 1997இல்தான் உருவானது.

அடுத்தது தேதி. இங்கேதான் அதிக நாள் போனது. ஆனந்த வருடம் என்பது 1974 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1975 ஏப்ரல் நடுவில் முடிந்தது. மார்கழியோ டிசம்பர் நடுவில் பிறந்து பொங்கலுக்கு முன் முடிகிற மாதம். ஆக, மார்கழியில் இறந்தார் என்றால் அது 1974ஆகவும் இருக்கலாம், 1975ஆகவும் இருக்கலாம். பதிவேடுகள் ஆங்கில ஆண்டுக் கணக்கில் இருப்பதால், நம் வீட்டுக் கணக்கில் ஒரே மாதமாக இருப்பது அங்கே இரண்டு புத்தகங்களாகப் பிரிந்து கிடக்கும்.

பெரிய அத்தையிடம் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. ஜாதகங்கள், பழைய கிஸ்து ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அதில்தான். அதற்குள் தாத்தாவின் கருமாதிப் பத்திரிகை ஒன்று மடிந்து கிடந்தது. "நிகழும் ஆனந்த வருடம் மார்கழி மாதம் 23ஆம் தேதி (7.1.1975) செவ்வாய்க்கிழமை" என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கான அழைப்பு அது. பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 23 வருகிறது. சில வீடுகளில் இறந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவார்கள், அப்படியானால் டிசம்பர் 22. வளர்பிறையில்தான் போனார் என்று அத்தை சொன்னதும் இதோடு ஒத்துப்போனது. கல்யாணப் பத்திரிகையை ஆல்பத்தில் வைக்கிறவர்கள் கருமாதிப் பத்திரிகையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று எறிந்துவிடுகிறார்கள். அத்தை எறியாமல் வைத்திருந்ததற்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. இறந்தவரின் பெயர், ஊர், பிள்ளைகள், மருமக்கள், பங்காளிகள் என எல்லோர் பெயரும் உள்ள காகிதம் அது. வாரிசுகளைப் பட்டியலிடும்போதும் அதுவே துணையாக இருந்தது.

மனுவில் இறந்தவர் பெயர், அவருடைய தந்தை பெயர், வருவாய்க் கிராமம், இறந்த உத்தேசத் தேதி ஆகியவற்றை எழுதி, 1974, 1975 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேடும்படி கேட்டேன். தேடுகைக் கட்டணம் உண்டு. அலுவலக வாசலிலேயே, எல்லாவற்றையும் முடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பதிவேட்டில் தேடச் சொல்லவும் நகல் பெறவும் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், எவருக்கும் உரிமை தந்திருக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டிய ஒன்றுக்கு எதற்குத் தரகு?

1974ஆம் ஆண்டுப் பதிவேட்டில் தாத்தா இல்லை. 1975இல் இருந்தார். டிசம்பர் கடைசியில் நடந்த சாவைக் காரியம் முடிந்த பிறகுதான் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன தேதி வரிசையில்தான் பதிவு ஏறும், அதனால் புத்தாண்டின் புதிய புத்தகத்தில், தொடக்க எண்களில் ஒன்றாக அவர் இருந்தார். டிசம்பரில் இறந்தவர்களைத் தேடுகிறவர்கள் அடுத்த ஆண்டையும் சேர்த்துக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது. ஒரே ஆண்டைக் குறிப்பிட்டுத் தேடிவிட்டுப் பதிவு இல்லை என்று திரும்பியவர்களில் எத்தனை பேருடைய பதிவு அடுத்த புத்தகத்தில் கிடக்கிறதோ!

பெயரில் ஒரு சிக்கல் வந்தது. பட்டாவில் இருப்பது அவருடைய முழுப்பெயர். பட்டாமணியார் எழுதியதோ ஊரார் கூப்பிட்ட பெயர். தந்தை பெயரும் கிராமமும் பொருந்தியதால், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று வருவாய்த் துறையில் சான்று வாங்கிச் சேர்த்தோம். பதிவேட்டிலேயே பிழை இருந்தால் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. மூல எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தத்தை எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுவார்கள்.

பாட்டியின் பதிவு வேறு விதம். அவர் 1991இல் இறந்தார். கிராமத்தில்தான் தகனம் நடந்தது, அதனால் பதிவும் அங்கேதான் இருக்கும் என்று உறவினர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் உயிர் பிரிந்தது தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில். சாவு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவேட்டில்தான் ஏறும், வாழ்ந்த ஊரோ எரித்த ஊரோ கணக்கில்லை. தஞ்சாவூர் அப்போது நகராட்சி, 2014 முதல் மாநகராட்சி. அங்கே விண்ணப்பித்தபோது அதிகச் சிரமம் இல்லை, ஏனென்றால் தேதி கையில் இருந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று சித்தப்பா நாளிதழில் கொடுத்த விளம்பரத்தின் துண்டு பாட்டியின் படத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அதில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும் இருந்தன. அப்படித் துண்டு கிடைக்காதவர்கள் சென்னைக் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் பார்க்கலாம். ஆனால் நம் ஊர்க்காரரின் அஞ்சலி விளம்பரம் அந்த வட்டாரப் பதிப்பில் மட்டும் வந்திருக்கக்கூடும். எந்தப் பதிப்பு என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

தாத்தாவின் சான்று வந்த அன்று அப்பா அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன நோய் என்று போடவில்லையா?" என்று கேட்டார். தன் தந்தை எதனால் இறந்தார் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. பதிவேட்டில் காரணத்துக்கு இடம் உண்டு, ஆனால் வெளியே தரும் நகலில் அதைக் காட்டக் கூடாது என்று அதே 17ஆம் பிரிவு சொல்கிறது. பெற்ற பிள்ளை கேட்டாலும் அதுதான் விதி. குடும்பத்தின் நோய் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்பும் வாரிசுகளுக்காவது இதைத் தளர்த்தலாம் என்பது என் எண்ணம்.

பதிவே ஏறாத சாவுகளும் உண்டு. எங்கள் பங்காளி வீட்டில் ஒருவருடைய பதிவு எந்த ஆண்டிலும் இல்லை. அப்படியானால் பதிவு இல்லை என்பதற்கான சான்றை முதலில் வாங்க வேண்டும். ஓராண்டைத் தாண்டிய இறப்பு என்பதால் கோட்டாட்சியரின் ஆணை பெற்ற பிறகே புதிதாகப் பதிய முடியும். உறுதிமொழி, சாட்சிகள், விசாரணை என்று அது நீளும். அவர்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள், கருமாதிப் பத்திரிகையின் நகலை அவர்களுக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பங்காளிகள் பட்டியலில் அவர் பெயரும் அதில் இருக்கிறது, 1975 ஜனவரியில் அவர் உயிரோடு இருந்தார் என்பதையாவது அது காட்டும்.