ஈக்விட்டி பாடமும் ரோம்ஃபோர்டு சந்தையும்

சட்டப் படிப்பில் ஈக்விட்டியும் (ஆங்கிலேய நீதிமன்றங்கள் நியாயத்தின் அடிப்படையில் வளர்த்த விதிகள்) டிரஸ்ட் சட்டமும் (ஒருவர் சொத்தை இன்னொருவரின் நன்மைக்காக வைத்திருப்பது பற்றியது) வறட்டுப் பாடம் என்று சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். 1726-இல் இங்கிலாந்தில் வந்த கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு தீர்ப்பைப் படித்தபின் நான் அதை நம்புவதில்லை.

ரோம்ஃபோர்டு சந்தையின் குத்தகை, ஒரு சிறுவனுக்காக அறங்காவலர் ஒருவர் கையில் இருந்தது. காலம் முடிந்ததும், சிறுவனுக்காகப் புதுப்பிக்க மாட்டேன் என்றார் உரிமையாளர். சரி, நாமே எடுப்போம் என்று அறங்காவலர் தனக்காக எடுத்துக்கொண்டார். மோசடி எதுவுமில்லை, சிறுவனுக்கு அது எப்படியும் கிடைத்திருக்காது. ஆனாலும் குத்தகையும் லாபமும் சிறுவனுக்கே என்றார் வழக்கில் தீர்ப்பளித்த லார்டு சான்சலர் (ஈக்விட்டி நீதிமன்றத்தின் தலைவர்) கிங். உலகத்திலேயே அந்தக் குத்தகையை எடுக்கக் கூடாத ஒரே ஆள் இந்த அறங்காவலர்தானாம்!

எனக்கு அவர்மேல் இன்னும் கொஞ்சம் பரிதாபம் உண்டு. ஆனால் இங்கே இளகினால், அடுத்த அறங்காவலர் பயனாளிக்காகப் புதுப்பிக்க மனதார முயல்வாரா? நீதிமன்றத்தின் பயம் நியாயமானதுதான்.

ஒரு டிரஸ்ட் செல்லுபடியாகத் தெளிவாக இருக்க வேண்டிய, அதை உருவாக்கும் நோக்கம், சொத்து, பயனாளி என்ற மூன்று நிச்சயங்கள் (1840, நைட் எதிர் நைட்) ஒருவழியாக மனதில் நின்றுவிட்டன. அப்புறம் அரைகுறைக் கொடைகள், அதாவது சட்டப்படி முழுமையாகக் கைமாறாத கொடைகள். அவற்றை நீதிமன்றம் முழுமையாக்கித் தராது என்ற 1862-இன் மில்ராய் எதிர் லார்டு தீர்ப்பு வரை தெளிவுதான். 1952-இல் ரீ ரோஸ் தீர்ப்பு வந்து அந்த விதியைத் தளர்த்தும் இடத்தில்தான் தலை சுற்றுகிறது. படித்து முடித்தவர்கள் யாராவது நோட்ஸ் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.