நார்ஃபோக் கூலிக்காரர்களின் வழித்தடம்

என் கணவரின் தாய்வழிக் குடும்பம் இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம், தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலி. நிலம் இல்லை, உயில் இல்லை, பேர் வெட்டிய கல்லறைகூட இல்லை. அவர்களைப் பற்றி யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள் என்றுதான் வீட்டில் கேட்டார்கள்.

1837 ஜூலை வரை பின்னோக்கிப் போவது பெரிய கஷ்டமில்லை. அன்றிலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 1851-ஐ நம்பலாம், பிறந்த ஊர் அதில் இருக்கும். 1841-இல் பெரியவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். அதைக் கவனிக்காவிட்டால் வேறு யாருடைய தாத்தாவையோ வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம்.

அதற்கு முன்னால் சர்ச் பதிவேடுதான். 1754-க்குப் பிந்தைய திருமணப் பதிவுகளில் மணமக்கள் கையெழுத்து இருக்கும். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பெருக்கல் குறிதான். ஒரு மணப்பெண் போட்ட குறியின் ஒரு கால் வழுக்கி, பாதிரியார் எழுதிய வரி மேலேயே ஏறியிருந்தது.

ஆனால் ஆள் யார் என்று தெரிந்தது ஏழைகள் நிவாரணக் காகிதங்களில். நார்விச் ஆவணக் காப்பகத்தில் ஆள் பேரை விட்டுவிட்டு ஊர்ப் பேரைப் போட்டுத் தேடினேன். 1662 சட்டப்படி, கஷ்டத்தில் கை நீட்டுகிறவருக்கு உதவ வேண்டியது எந்த ஊரின் பொறுப்பு என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், எவ்வளவு கூலி? கல்யாணமாகாதவர் ஒரு பண்ணையில் முழு வருஷம் வேலை செய்திருந்தால் அந்த ஊர்தான் பொறுப்பு. அதனால் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணைக்காரர்கள் உண்டு! எங்கள் முன்னோர் ஒருவரையும் மைக்கேல்மஸுக்கு, அதாவது பண்ணை வேலை வருஷம் முடியும் செப்டம்பர் 29 திருநாளுக்கு, சில நாள் முன்பே கணக்குத் தீர்த்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குச் சோறு போடாமல் தப்பிக்க நடந்த விசாரணைதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே வாழ்க்கை வரலாறு. எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் கோபமும் வந்தது, நன்றியும் வந்தது.

சொந்தமாக ஊர் உரிமை, அதாவது ஓர் ஊரிடம் உதவி கேட்கும் உரிமை, சம்பாதிக்காதவருக்கு அப்பாவின் ஊர்தான் ஊர். அதனால் விசாரணைக்குப் பிறகு அவரைப் பொறுப்பான ஊருக்குத் திருப்பி அனுப்பிய வெளியேற்றும் உத்தரவிலேயே அந்தக் கிராமத்தின் பேர் இருந்தது. மனைவி, பிள்ளைகள் பேரும் வயதுகளும்கூட. அப்புறம் அந்த ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால், அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தார்கள்.