கோடிட்ட இடத்தில் முதலில் தமிழை எழுதினேன்: ஜி.ஆர்.இ. வெர்பல் அனுபவம்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் எனது அதிகாரபூர்வ மதிப்பெண் சென்ற வாரம் வந்துசேர்ந்தது. ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வெர்பலில் 158, கணிதத்தைச் சோதிக்கும் குவான்டில் 163. தேர்வு முடிந்த உடனே திரையில் இந்த எண்களைப் பார்த்துவிட்டேன் என்றாலும், அறிக்கை கைக்கு வரும்வரை யாரிடமும் வாய்திறக்கவில்லை. காரணம், முதல் முயற்சியில் வெர்பலில் நான் பெற்றது 146. அன்று தேர்வு மையத்திலிருந்து வீட்டுக்குப் பேருந்தில் திரும்பியபோது, மேற்படிப்பு எண்ணத்தையே கைவிட்டுவிடலாமா என்று நினைத்தது இன்னும் மறக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பதை நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதிவைக்க விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவள் நான். இளநிலையில் வேளாண்மை படித்தேன். மண்ணியலில் முதுநிலை படிக்க விண்ணப்பிக்கிறேன். ஆங்கிலப் பாடநூல்களை வாசிப்பேன், ஆய்வுக் கட்டுரைகளும் ஓரளவு புரியும், ஆனால் ஆங்கிலத்தில் கதை படித்து வளர்ந்தவள் அல்லள். இங்கே சொல்வதெல்லாம் என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே சொல்வது. சிறுவயதிலிருந்தே ஆங்கிலத்தில் சிந்தித்துப் பழகியவர்களுக்கு இந்த வழி சுற்றுவழியாகத் தோன்றலாம்.

முதல் முயற்சிக்கு நான் சேர்ந்த பயிற்சி மையத்தில் முதல் நாளே மூவாயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு முப்பது சொல் என்று கணக்குப்போட்டு, சொல்லை ஒரு பக்கமும் பொருளை மறுபக்கமும் எழுதிய அட்டைகளைப் பேருந்திலும் சமையலறையிலும் புரட்டிக்கொண்டே நான்கு மாதம் கழிந்தது. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு சொற்கள் மனப்பாடமாயின. ஆனால் அந்த நான்கு மாதத்தில் ஒரு வாக்கியத்தை எப்படி வாசிப்பது என்று ஒரே ஒரு வகுப்பில்கூட யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தேர்வில் டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் எனப்படும், கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகள் வந்தபோது என் கண் வாக்கியத்தின் மேல் ஓடிவிட்டு நேராக ஆப்ஷன்களில் போய் நின்றது. மனப்பாடம் செய்த சொல் ஒன்று அங்கே தென்பட்டதும், தெரிந்த முகத்தைக் கண்ட மகிழ்ச்சியில் அதையே தேர்ந்தெடுத்தேன்.

இந்தப் பழக்கத்தை முதலில் கண்டுபிடித்தவர் எனது விடுதியில் மேல்தளத்தில் இருந்த ஓர் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கணக்குப் போடுவதைப் போல வாக்கியங்களை நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தின் சாரம் இதுதான்: அந்த வரலாற்றாசிரியரின் முந்தைய நூல்கள் வறண்ட நடைக்குப் பேர்போனவை என்றாலும், இந்தப் புதிய நூல் வியப்பூட்டும் அளவுக்கு இப்படிப்பட்டதாக இருக்கிறது. ஆப்ஷன்கள் ஐந்து: எக்ஸ்ஹாஸ்டிவ், பெடான்டிக், எருடைட், ஸ்பிரைட்லி, டென்டென்ஷியஸ். வரலாற்றாசிரியர் என்றால் கல்விமான்தானே என்று நினைத்து எருடைட் என்பதைக் குறித்தேன்.

"எருடைட் நல்ல வார்த்தைதான். ஆனா இந்த வாக்கியம் அதைக் கேக்கலையே. முன்னாடி ஒரு ஆல்தோ இருக்கே, அதுக்கு என்ன பதில் சொல்லப்போற?" என்றார் அக்கா. பிறகு ஆப்ஷன்களின் மேல் ஒரு நோட்டை வைத்து மறைத்தார். "இப்போ சொல்லு, இந்த இடத்துல தமிழ்ல என்ன வரும்?"

"சுவாரசியமா இருக்குன்னு வரும்க்கா."

"அதை எழுது. எழுதிட்டு நோட்டை எடு."

எழுதினேன். நோட்டை எடுத்தேன். ஸ்பிரைட்லி என்ற சொல்லுக்கு எனது அட்டையில் "துள்ளலான, உயிரோட்டமுள்ள" என்று நானே எழுதிவைத்திருந்தேன். சொல் எனக்கு முன்பே தெரியும். அந்த இடம் எதைக் கேட்கிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அன்றிலிருந்து தேர்வு நாள்வரை, ஆப்ஷன்களைப் பார்ப்பதற்கு முன்பு கோடிட்ட இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லையாவது எழுதாமல் ஒரு கேள்வியைக்கூட நான் தொடவில்லை. தேர்வு மையத்தில் தரும் வெள்ளைத் தாளிலும் அப்படியே எழுதினேன். திரையின் கீழ்ப்பாதியை இடது கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தைப் படிப்பேன். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஊகிக்க முயன்றால், நான் அண்மையில் மனப்பாடம் செய்த சொல்தான் நாவில் வந்து நின்றது. தமிழில் ஊகித்தபோது வாக்கியத்தின் பொருள் மட்டுமே வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் "என்றாலும்", "இருந்தும்", "போதிலும்" என்பவை முதல் கூற்றின் இறுதியில், அடுத்த கூற்றுக்கு வாசலில் நிற்கின்றன. திருப்பம் வரும் இடத்திலேயே திருப்பத்தின் சொல்லும் வருகிறது. ஆங்கிலத்திலோ ஆல்தோ, டிஸ்பைட், வைல் போன்றவை பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடுகின்றன. இருபத்தைந்து சொற்களைத் தாண்டிக் கோடிட்ட இடத்துக்கு வரும்போது, தொடக்கத்தில் ஒரு மறுப்பு இருந்ததே என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மறந்துபோகிறது. வாக்கியத்தை மனத்துக்குள் தமிழாக்கும்போது அந்த "என்றாலும்" தானாகவே சரியான இடத்துக்கு வந்து அமர்ந்துவிடும்.

இணைப்புச் சொற்களைவிட என்னை அதிகம் ஏமாற்றியவை சில சிறிய தொடர்கள். எனிதிங் பட் சிம்பிள் என்றால் சற்றும் எளிதன்று என்று பொருள். நான் ஒரு வருடம் அதை நேர்மாறாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆல் பட் ஃபர்காட்டன் என்றால் ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. நத்திங் இஃப் நாட் கேர்ஃபுல் என்றால் மிகமிகக் கவனமானவர். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றி மூன்று திசையில் இழுக்கின்றன. இவற்றோடு ஹார்ட்லி, ஃபார் ஃப்ரம், லெஸ் தேன் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். அந்த ஒரு தாள் எனக்குத் தந்த பயனை மூவாயிரம் சொற்பட்டியல் தரவில்லை.

சொற்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிய சொல்லைத் தேடி ஓடுவதற்கு முன்பு, தெரிந்ததாக நினைக்கும் சொற்களைச் சோதியுங்கள். எனது தவறுகள் குவிந்த இடம் அதுதான்:

- டிஸ்இன்ட்ரஸ்டட்: ஆர்வமற்ற என்று நினைத்தேன், தேர்வில் பெரும்பாலும் நடுநிலையான, தன்னலம் கலவாத என்ற பொருள்.
- குவாலிஃபை: தகுதி பெறுதல் மட்டுமன்று, சொன்ன கருத்தை வரையறைக்கு உட்படுத்துதல்.
- சாங்க்ஷன்: ஒப்புதலும் ஆகும், தண்டனையும் ஆகும்.
- டெம்பர்: வினைச்சொல்லாக வந்தால் தணித்தல்.
- வாண்ட்: பெயர்ச்சொல்லாக வந்தால் இல்லாமை.
- பெடஸ்ட்ரியன்: உரைநடையைப் பற்றிச் சொன்னால் சாரமற்ற, சாதாரணமான.
- எனர்வேட்: எனர்ஜி போல ஒலித்தாலும் வலுவிழக்கச் செய்தல்.

இரண்டு, மூன்று கோடுகள் உள்ள கேள்விகளில் முதல் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல கேள்விகளில் முதல் கோட்டுக்கான குறிப்பு கடைசி வாக்கியத்தில்தான் இருக்கும். எந்தக் கோட்டுக்குத் தமிழ்ச் சொல் உடனே வருகிறதோ அதை முதலில் நிரப்பிவிட்டால், மற்றவை அதை அண்டி வரும். ஒரே கோட்டில் பொருந்தி ஒரே பொருளைத் தரும் இரண்டு சொற்களைக் குறிக்க வேண்டிய சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்விகளில், ஆறு சொற்களுக்குள் ஒத்த பொருளுள்ள இணையைத் தேடி ஓடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். வாக்கியத்துக்குச் சற்றும் பொருந்தாத ஓர் இணையை அங்கே வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதேபோல, அழகாகப் பொருந்தும் ஆனால் துணையில்லாத ஒற்றைச் சொல்லும் இருக்கும். முதலில் தமிழ்ச் சொல், பிறகு அதற்கு இணங்கும் இரண்டு சொற்கள் என்ற வரிசை இந்த இரு பொறிகளிலிருந்தும் காப்பாற்றும்.

பயிற்சிக்கு வாக்கியங்கள் போதாமல் போனபோது வீட்டில் ஒரு வழி கண்டோம். வாசகருக்கு ஒரு பத்தி எவ்வளவு எளிது என்பதை அளப்பதற்காக, அதில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் முறையை 1953இல் வில்சன் டெய்லர் என்பவர் முன்வைத்து, அதற்குக் குளோஸ் என்று பெயரிட்டார். எனது தங்கை தினமும் காலையில் தி இந்து ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை எடுத்து, ஏழாவது சொல் ஒவ்வொன்றையும் கறுப்பு மையால் அழித்துவிட்டுப் பள்ளிக்குப் போவாள். அழித்த சொற்களின் பட்டியல் அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். மாலையில் இருவரும் ஒப்பிடுவோம். முதல் வாரத்தில் பாதிகூடத் தேறவில்லை. தவறியவற்றில் கடினமான சொற்கள் மிகக் குறைவு என்பதுதான் என்னைத் திகைக்கவைத்தது. ஆஃப், ஃபார், யெட், ஈவன் போன்ற சின்னஞ்சிறு சொற்களில்தான் நான் சறுக்கினேன். வாக்கியத்தின் கட்டுமானம் எனக்குப் பிடிபடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆறு வாரத்தில் பத்துக்கு ஏழு சரியாக வரத் தொடங்கியது. அதன்பின் தங்கை, ஏழாவது சொல்லை விட்டுவிட்டுத் தலையங்கத்தின் கருத்தைத் தாங்கும் சொற்களாகப் பார்த்து அழிக்கத் தொடங்கினாள். அது தேர்வுக்கு இன்னும் நெருக்கமான பயிற்சி.

பத்தியைப் படித்து விடையளிக்கும் ரீடிங் காம்பிரஹென்ஷனில் எனது குறை வேறு வகையானது. முதல் தேர்வுக்கான பயிற்சியில் வேர்ப்பூஞ்சைகளைப் பற்றிய பத்தி ஒன்று வந்தது. எனது பாடம் என்பதால் மிகுந்த நம்பிக்கையோடு படித்தேன். வேரோடு சேர்ந்து வாழும் இந்தப் பூஞ்சைகள் மண்ணிலுள்ள பாஸ்பரஸைச் செடிக்குக் கொண்டுசேர்க்கின்றன, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன என்பதை இரண்டாம் ஆண்டிலேயே படித்தவள் நான். ஆப்ஷன் ஒன்றில் பாஸ்பரஸ் பற்றிய அந்த உண்மை இருந்தது, குறித்துவிட்டேன். தவறு. அந்தப் பத்தியில் பாஸ்பரஸ் என்ற சொல்லே இல்லை. செடிகளுக்கிடையே பூஞ்சை இழைகள் வழியாகச் சத்து பரிமாறப்படுகிறது என்ற கருத்துக்குச் சான்று போதாது என்று ஆசிரியர் தயங்குவதுதான் பத்தியின் மையம். உலகில் உண்மையாக இருப்பதால் ஒரு ஆப்ஷன் விடையாகிவிடாது; பத்தியில் அதற்கு ஒரு வரி இருந்தாக வேண்டும்.

இதற்கு நான் செய்துகொண்ட ஏற்பாடு மிகவும் மெதுவானது, பொறுமை தேவைப்படுவது. பயிற்சியின்போது ஒவ்வொரு கேள்விக்கும் சரியான ஆப்ஷனுக்கு எதிரே அதைத் தாங்கும் வரியின் எண்ணை எழுதினேன். மற்ற நான்குக்கும் எதிரே அவை ஏன் தவறு என்று தமிழில் ஒரு வரி எழுதினேன். "பத்தியில் இல்லை", "அளவுக்கு மீறிச் சொல்கிறது", "முன்பாதி சரி, பின்பாதி தவறு", "காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன", "இது ஆசிரியர் மறுக்கும் தரப்பின் கருத்து". இப்படி எழுத ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு மூன்று பத்திக்கு மேல் முடியாது. ஆனால் இரண்டு மாத நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எனது தவறுகளில் பெரும்பகுதி கடைசி வகை என்று தெரிந்தது. அதாவது, ஆசிரியர் பிறருடைய கருத்தை எடுத்துரைக்கும் வரிகளை அவருடைய சொந்தக் கருத்தாகவே படித்துவந்திருக்கிறேன். அதன்பிறகு பத்தியைப் படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "இது யாருடைய குரல்?" என்று கேட்டுக்கொண்டே படித்தேன். நாளுக்குப் பத்துப் பத்தி முடிப்பவர்களைப் பார்த்துப் பதற்றப்படுவேன். ஆனாலும் எனது இயல்புக்கு மூன்றுதான் பொருந்தியது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் தேர்வு சுருக்கப்பட்ட பிறகு வெர்பலில் முதல் பகுதி 12 கேள்விகள், 18 நிமிடம். இரண்டாம் பகுதி 15 கேள்விகள், 23 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதை வைத்தே இரண்டாவதன் கடினம் அமைகிறது. முதல் முயற்சியில் மூன்று கோடுகள் கொண்ட ஒரே கேள்விக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் கொடுத்து, கடைசி மூன்று கேள்விகளைப் படிக்காமலேயே விட்டேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பது தெரிந்திருந்தும் பதற்றத்தில் எதையும் குறிக்கவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக் குறித்தால் ஒரு கோட்டுக் கேள்வி சரியாக ஐந்தில் ஒரு வாய்ப்பு. இரண்டு கோடுகளுக்கு ஒன்பதில் ஒன்று. சென்டென்ஸ் ஈக்விவலன்ஸுக்குப் பதினைந்தில் ஒன்று. மூன்று கோடுகளுக்கு இருபத்தேழில் ஒன்று. அதிலும் இரண்டு சரி, ஒன்று தவறு என்றால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது. எல்லாக் கேள்விகளுக்கும் மதிப்பு ஒன்றுதான். எனவே நேரம் நெருக்கும்போது எதையோ ஒன்றைக் குறித்துவிட்டு நகர வேண்டிய கேள்வி, தமிழ்ச் சொல் எதுவும் தோன்றாத மூன்று கோட்டுக் கேள்விதான். இரண்டாம் முயற்சியில் முதல் பகுதியில் அப்படிப்பட்ட ஒன்றை முப்பது நொடியில் குறித்து, மார்க் பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்தேன். கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சியது. திரும்பி வந்தபோது அதன் இரண்டாம் கோடு பளிச்சென்று தெரிந்தது.

பயிற்சிக்கு, தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே வெளியிடும் கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது எனது உறுதியான கருத்து. பிற இடங்களில் கிடைக்கும் வாக்கியங்கள் சொல்லைக் கடினமாக்குகின்றன. உண்மைத் தேர்வு வாக்கியத்தைக் கடினமாக்குகிறது. இலவசமாகக் கிடைக்கும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளைத் தொடக்கத்திலேயே வீணாக்கிவிட வேண்டாம். நான் முதல் முறை அப்படித்தான் இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதி முடித்து, பிறகு கேள்விகள் நினைவில் இருந்ததால் எனது நிலையை அளக்க வழியின்றித் தவித்தேன். மறுமுயற்சிக்கு 21 நாள் இடைவெளி போதும் என்று விதி சொல்கிறது என்பதற்காக 22ஆம் நாளே தேதி வாங்கவும் வேண்டாம். வாசிப்புப் பழக்கம் மாற எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

கடைசி வாரத்தில் புதிய பத்தி எதையும் தொடவில்லை. தவறுகள் எழுதிய நோட்டை மட்டும் தினமும் ஒரு முறை முழுவதும் படித்தேன். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, தங்கை அழித்துவைத்திருந்த தலையங்கம் ஒன்றை எடுத்து, ஆங்கிலச் சொல் எதையும் எழுதாமல், எல்லாக் கோட்டிலும் தமிழ்ச் சொற்களை மட்டுமே நிரப்பி, உரக்கப் படித்துப் பார்த்தேன். பொருள் எங்கும் இடறவில்லை. நோட்டை மூடிவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன்.