டூப்ளெக்ஸ் ஸ்டீலை கோல்ட் ரோல் செய்தால் ஆஸ்டெனைட்டைக் கவனியுங்கள்

டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஃபெரைட், ஆஸ்டெனைட் என்ற இரண்டு வேறு படிகக் கட்டமைப்புகள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கோல்ட் ரோலில், அதாவது சூடாக்காமல் உருட்டும்போது, ஒரே உருளைக்கு அடியில் இரண்டும் சேர்ந்துதான் நசுங்குகின்றன, ஆனால் நசுங்கும் விதம் வேறு வேறு. தகடு 50% மெலிந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் அளவீடுகள் எதுவும் பிடிபடாது.

முதலில் தொடக்க நிலை சுத்தமாக இருக்க வேண்டும். 2205 (பரவலான டூப்ளெக்ஸ் ரகம்) என்றால் 1050 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, உடனே தண்ணீரில் குளிரவிடுங்கள். மெதுவாக ஆறினால் ஃபெரைட் ஓரங்களில் சிக்மா என்ற இரும்பு-குரோமியச் சேர்மம் உட்கார்ந்துகொள்ளும். அது நொறுங்குகிற சங்கதி, உருட்டும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கணக்கு இது: 3 மி.மீ. தகட்டை 1.5 மி.மீ. ஆக்கினால் 50% குறைப்பு. உண்மைத் திரிபு (பழைய, புதிய தடிமன்களின் விகிதத்தின் இயல் மடக்கை) 0.69, அகலம் மாறாத உருட்டல் என்பதால் 1.155-ஆல் பெருக்கினால் சமானத் திரிபு (மற்ற வகை உருமாற்றங்களோடு ஒப்பிட உதவும் எண்) 0.80. ஒவ்வொரு பாஸுக்கும் (உருளை வழியாக ஒரு முறை செல்வது) 5 முதல் 10% போதும். பாஸ்களுக்கு நடுவே தகடு ஆற வேண்டும். காரணம் கீழே வருகிறது.

ஃபெரைட்டில் டிஸ்லொகேஷன்கள் (படிகத்தில் அணு வரிசை பிசகிய கோடுகள்) எளிதாகத் தளம் மாறி நழுவும். அதனால் செல்களாகவும் பட்டைகளாகவும் ஒழுங்குபட்டுவிடும். ஆஸ்டெனைட்டின் ஸ்டாக்கிங் ஃபால்ட் ஆற்றல் (அணு அடுக்குகளின் வரிசையில் பிழை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றல்) குறைவு. அங்கே நழுவல் ஒரே தளத்தில் சிக்கிக் குவியும், அடுக்குப் பிழைகளும் ட்வின்களும் (கண்ணாடிப் பிம்பம்போல் திரும்பிய படிகப் பட்டைகள்) வரும், வேகமாக இறுகும். குறைப்பு ஏறும்போது ஆஸ்டெனைட் தீவுகள் உருட்டு திசையில் நீண்டு மெலிகின்றன: 10 மைக்ரான் தடிமனான அடுக்கு 75% குறைப்பில் சுமார் இரண்டரை மைக்ரான். அதிகக் குறைப்பில் உருட்டு திசைக்கு 30 முதல் 40 டிகிரி சாய்வில் ஷியர் பட்டைகள் (உருமாற்றம் குவியும் குறுகிய பகுதிகள்) அடுக்குகளைக் குறுக்கே வெட்டும்; வெட்டிய இடத்தில் நேராக ஓடிய கோடு அலைபோல் மடிந்திருக்கும்.

நிக்கல் குறைந்த 2101 போன்ற லீன் ரகங்களில் இன்னொன்றும் நடக்கும்: ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான கட்டமைப்பாக மாறிவிடும். 2205-இல் இது அவ்வளவு எளிதில் வராது, 2507-இல் இன்னும் அரிது. தகடு சூடேறினால் இந்த மாற்றம் அடங்கிவிடும். வேகமாக, இடைவெளி விடாமல் உருட்டிய தகட்டையும் ஆறவிட்டு உருட்டிய தகட்டையும் ஒப்பிடக்கூடாது என்பது இதனால்தான்.

பலரும் சறுக்குவது மார்ட்டென்சைட்டை அளக்கும்போது. பெரும்பாலும் ஆஸ்டெனைட்டாகவே இருக்கும் 304 ரகத்தில் ஃபெரைட்ஸ்கோப்பை (காந்தத் தன்மையை அளக்கும் கைக்கருவி) வைத்தால் வேலை முடிந்தது. இங்கே ஃபெரைட்டும் காந்தம், மார்ட்டென்சைட்டும் காந்தம். உருட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து கழித்தால் போதாதா என்று தோன்றும். போதாது. அந்தக் கருவி பார்ப்பது காந்த ஊடுருவலை. டிஸ்லொகேஷன் அடர்த்தி ஏறினால் ஃபெரைட்டின் ஊடுருவல் இறங்கும். தகடு மெலிந்தாலும் எண் குறையும். ஒரு பக்கம் மார்ட்டென்சைட் எண்ணை ஏற்றும், இன்னொரு பக்கம் இவை இறக்கும். முடிவில் 'மாற்றமில்லை' என்று பொய் சொல்லும். செறிவு காந்தமாக்கலை (வலுவான காந்தப் புலத்தில் மாதிரி எட்டும் உச்ச காந்தமாக்கம்) அளப்பதே நம்பகமானது, அதற்குத் திரிபு ஒரு பொருட்டல்ல.

எக்ஸ்ஆர்டியிலும் (எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் சோதனை) ஃபெரைட், மார்ட்டென்சைட் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே ஆஸ்டெனைட் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். ஆனால் உருட்டலில் டெக்ஸ்சர் (மணிகள் ஒரே திசையில் அடுக்குறுதல்) வந்துவிடுவதால் ஒற்றை முகட்டை நம்பாமல் பல முகடுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மாதிரியை உருட்டு திசையும் தடிமன் திசையும் தெரியும்படி வெட்டுங்கள். தகட்டின் மேல்முகத்தைப் பார்த்தால் அடுக்குகள் அகன்ற திட்டுகளாகத் தெரிந்து ஏமாற்றும். கரடான பாலிஷே மேற்பரப்பு ஆஸ்டெனைட்டை மார்ட்டென்சைட்டாக்கும் என்பதால், கடைசியில் கொலாய்டல் சிலிக்காவில் பொறுமையாகத் தேயுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரோ பாலிஷ் செய்யுங்கள். எட்ச்சிங்குக்கு (கட்டமைப்பு தெரிய மேற்பரப்பை வேதிக் கரைசலால் அரிப்பது) பெராஹா கரைசல்: 85 மி.லி. தண்ணீர், 15 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட். புகை உறிஞ்சும் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்), கையுறையோடு செய்யுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. ஃபெரைட் நிறமேறும், ஆஸ்டெனைட் வெளுப்பாகவே நிற்கும். அந்த வெளுப்புக்குள் மெல்லிய கருங்கோடுகள் தெரிந்தால் அவசரப்பட்டு மார்ட்டென்சைட் என்று சொல்லிவிடாதீர்கள். நழுவல் கோடுகளும் ட்வின்களும் அப்படியே தெரியும்.

உருட்டிய தகட்டை மறுபடி சூடாக்கினால், ஃபெரைட் பெரும்பாலும் மீட்சியடைந்து உப மணிகளாகும் (ஒரு படிக மணிக்குள் பிரியும் சிறு பகுதிகள்); ஆஸ்டெனைட்டில் புது மணிகள் ட்வின்களோடு முளைக்கும். உருட்டிய கட்டமைப்பில் சிக்மா இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே 600 முதல் 1000 டிகிரி வரையுள்ள இடைவெளியை, ஏறும்போதும் இறங்கும்போதும், நிற்காமல் கடந்துவிடுங்கள்.