நீங்காதானும் ‘நீங்கதான்’ என்பதும்

இலங்கை மலையகத்தில் ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், ஞாயிறு காலைகளில், அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருவாசகத்துச் சிவபுராணம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தொடக்கத்தில் ஆளுக்கொரு போட்டோக் கொப்பி கொடுத்துப் பொருளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பொருள் கொப்பியில் ஏறியது, பாட்டு வாயில் ஏறவில்லை.

ஒருநாள் ஒரு சிறுமி எழுந்து, “இமைப்பொழுதும் என்நெஞ்சில் நீங்கதான் தாள்வாழ்க” என்று வாசித்தாள். “நீங்கதான்னா யாரு சேர், நீங்களா?” என்று பக்கத்திலிருந்தவன் கேட்க, மண்டபமே சிரித்தது. பிழை அவளுடையதன்று. நீங்காதவன் என்பதே ‘நீங்காதான்’ என்று நிற்கிறது என எழுதிக் காட்டிய நான், ‘கா’வை அதற்குரிய அளவுக்கு நீட்டி, சொல் முடிந்ததும் சற்றே நிறுத்தி, அதன் பிறகு ‘தாள்வாழ்க’ என்று எடுத்து ஒருமுறைகூட வாய்விட்டு வாசித்திருக்கவில்லை.

அன்றிலிருந்து தாளை மடித்துவைக்கச் சொல்லிவிட்டு, நான் ஓரடி சொல்ல அவர்கள் ஓரடி சொல்லும் பழைய முறைக்கே திரும்பினேன். மொத்தம் 95 அடிகள். ஒரு ஞாயிற்றுக்கு ஆறடிக்கு மேல் போவதில்லை. தகரக் கூரையில் மழை அறைந்தால் அதுவும் இல்லை, எல்லோரும் என்னைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்து சொன்னதையே சொல்லுவோம். எதுகை என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. ஆனாலும் ‘நமச்சிவாய’ என்றதும் ‘இமைப்பொழுதும்’ வருகிறது. ‘கோகழி’யைப் பிடித்துக்கொண்டு ‘ஆகமம்’ வர, அதன் பின்னாலேயே ‘ஏகன்’ வந்துவிடுகிறது. அடுத்த அடியை மறந்த பிள்ளைக்கு இரண்டாம் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும்.

பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கலாமா என்று உடன் கற்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டார். ‘சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்’ என்று மாணிக்கவாசகரே முடிக்கிறாரே என்பது அவருடைய வாதம். அதில் ‘சொல்லிய’ என்பதுதானே முதலில் நிற்கிறது என்றேன். (இலக்கணம் அறிந்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.) பொருளை நான் விட்டுவிடவில்லை, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கிறேன், அவ்வளவே.

போன வாரம் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய்’ வரை வந்திருந்தோம். பின்வரிசைப் பையன் ஒருவன் குனிந்து, குதிகாலில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினான்.

“சேர், அட்டையும் இந்தப் புழுவில சேர்த்தியா?”

சேர்த்திதான் என்றேன். அதை வாசலுக்கு வெளியே சுண்டிவிட்டு, ‘மரமாகி’ என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.